ஜாங்கிரி ஏட்டு இளைச்சிட்டாரு

திட்டுங்க டாக்டரம்மா, நல்லா திட்டுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன். வெயில்ல நிக்கக் கூடாது, உடம்பு மேல கனமா எதையும் மாட்டிக்கக் கூடாது, நேரத்துக்கு மாத்திரை போடணும்னு அவ்ளோ பொறுமையா சொல்லி அனுப்பினீங்க. ஞாயித்துக்கெழம உங்க பையன இட்டுகினு பார்க்குக்கு வந்து பாத்தா, உச்சி வெயில்ல ஜாங்கிரி ஏட்டு தொப்பைய குலுக்கி குலுக்கி டான்ஸ் ஆடிகினு நிக்கறாரு. எந்த டாக்டருக்குதான் வயிறு எரியாது? எரியட்டும்.

அவரு வரலீங்க. நான் மட்டுந்தான் வந்தேன். ஐயோ, உங்களுக்குப் பயந்துகினு ஒளியலீங்க, வூட்லதான் இருக்காரு. வெளிய இனிமே யாரும் பேஷண்ட் இல்லன்னு நர்ஸம்மா சொன்னாங்க, அதான் செத்த உக்காந்து பேசலாமேன்னு. அந்த ஃபைல கொஞ்சம் மூடி வைங்க. நான் சொல்றத முழுசா கேட்டுடுங்க, அப்பால எத்தினி வேணா திட்டுங்க.

எங்க வூட்டுக்காரரு இளைக்க ஆரம்பிச்ச அப்பறம்தான் நீங்க அவர பாக்கறீங்க. அதுக்கு முன்ன பாத்திருந்தா மிரண்டு போயிருப்பீங்க. முள்ளிப்பட்டுல வந்து மாணிக்கவேலு வூடு எதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. குண்டு மாணிக்கம் வூடுன்னு கேட்டாதான் கைய காட்டுவாங்க. சின்ன வயசுல இருந்தே அப்டித்தானாம். நான் தறில உக்காந்து சேலை நெய்வேன், அவரு அத வண்டில கட்டி எடுத்துகினு போய் ஆரணில முதலாளி கடைல குடுத்துட்டு, பாவு நூலு வாங்கிகினு வருவாரு. அதான் எங்க பொழப்பு. ஷேர் ஆட்டோல ஏறினா ரெண்டு ஆளு சார்ஜி கேப்பாங்க. கல்யாண வூட்ல பந்தில உக்காந்தா, பாத்துப்பா, பின்னாடி பந்திக்கும் மிச்சம் வைன்னு எவனாவது ஒருத்தன் சொல்லாம இருக்க மாட்டான். அவரும் சிரிப்பாரு. சிரிச்சிட்டு ரெண்டாவது வாட்டி சாம்பார் வாங்க மாட்டாரு. எனக்குத் தெரியும், பசியோட எழுந்து வருவாரு.

எங்க கல்யாண போட்டோவ பாத்திருக்கணும் நீங்க. நான் அப்பவும் இதே உடம்புதான், அவரு பக்கத்துல தொடப்பக்குச்சி சாத்தி வெச்ச மாதிரி நிப்பேன். போட்டோக்காரன் என்ன முன்னாடி இழுத்து, அவர பாதி மறைச்சி எடுத்தான். மறைக்க நான் பத்துவேனா, சொல்லுங்க.

அப்போ டிவில இந்த பொம்மைப் படம் வர ஆரம்பிச்சிது. உங்க பையனுக்குத்தான் தெரியுமே, ஜாங்கிரி ஏட்டு. பெரிய தொப்பை, ரெண்டு பக்கமும் உப்பின கன்னம், முறுக்கு மீசை, சின்னதா ஒரு செகப்பு தொப்பி. திருடனத் தொரத்துவாரு, புடிக்கவே மாட்டாரு, கடைசில மூச்சு வாங்கி நாக்கத் தள்ளிகினு தொப்புன்னு விழுவாரு. எங்க பொண்ணு காவ்யா அப்போ ஒண்ணாங்கிளாஸ். டிவி முன்னாடி உக்காந்துகினு, அம்மா ஓடியா, அப்பா டிவில வராருன்னு கத்தினா. நான் தறிய வுட்டுட்டு ஓடி வந்து பாத்தேன். சத்தியமா சொல்றேன் டாக்டரம்மா, எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. மெட்ராஸ்ல எவனோ இவரு மூஞ்சிய தெருவுல பாத்துட்டுப் போய் வரைஞ்ச மாதிரி இருந்திச்சி. அவரு அன்னிக்குப் பூரா வெளியவே வரல. ஏற்கெனவே ஊர்ல இருக்கற பேரு பத்தாதா, இப்போ டிவில வேற மானத்த வாங்கறாங்களேன்னு.

அப்பதான் நம்ம பத்மராஜ் நயினாரு அந்தப் பார்க்கக் கட்டினாரு. ஆமா, மல்லாட்ட பயிரு போட்டுகினு இருந்த நெலந்தான் அது. பாவம், அவருக்கு ராட்டினமும் தண்ணி சறுக்கும் போதும்னு எண்ணம். அவரு பொண்ணு சந்தனா இருக்குதே, பெங்களூர்ல படிச்சிட்டு வந்திச்சே, அதுதான், அப்பா, வெறும் ராட்டினத்துக்கு எவன் வருவான், ஒரு கேரக்டர் வேணும்னு சொல்லி, அந்த பொம்மைப் படக் கம்பெனிகிட்ட பேசி, ஜாங்கிரி ஏட்டுக்குப் பர்மிஷன் வாங்கிகினு வந்திச்சி. கம்பெனிக்காரங்க ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்களாம். ஏட்டு வேஷம் கட்றவரு ஏட்டு மாதிரியே இருக்கணும். தலையாணி வெச்சிக் கட்டக் கூடாது. கன்னம் சொந்தக் கன்னமா இருக்கணும், தொப்பை சொந்தத் தொப்பையா இருக்கணும். கொழந்தைங்கள ஏமாத்தக் கூடாதாம்.

இந்தக் கண்டிஷன் ஊர்ல தெரிஞ்ச அன்னிக்கு எங்க வூட்டு வாசல்ல தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். அத்தினி வருஷமா அவர குண்டு குண்டுன்னு கூப்ட்ட ஜனம் பூரா, மாணிக்கம் ஜல்தி கெளம்பு, உன்ன வுட்டா ஆள் இல்லன்னு வந்து நிக்குது. செய்யாறுல இருந்து ஒருத்தரு, போளூர்ல இருந்து ஒருத்தரு, அவங்களும் நல்ல வாட்டசாட்டமாத்தான் வந்திருந்தாங்க. சந்தனா பொண்ணு லேப்டாப்புல ஒரு பக்கம் பொம்மைய வெச்சி, இன்னொரு பக்கம் இவங்க மூஞ்சிங்கள ஒவ்வொண்ணா வெச்சி, கோடு போட்டுப் பாத்திச்சி. செய்யாறுக்காரருக்குத் தொப்பை ஓகே, கன்னம் பெயிலு. போளூர்க்காரருக்குக் கன்னம் பாஸு, கழுத்து நீளமா இருக்குதுன்னு பெயிலு. எங்க வூட்டுக்காரரு எல்லாத்துலயும் பாஸு. பத்தாங்கிளாஸ் பெயிலான மனுஷன் டாக்டரம்மா. வாழ்க்கைல மொத தடவ எல்லா பாடத்துலயும் பாஸு.

அப்பறம் அவரு நடையே மாறிடுச்சி. அதுக்கு முன்ன சட்டைய கீழ இழுத்து இழுத்து வுட்டுகினு, தோள குறுக்கிகினு நடப்பாரு. இப்போ தொப்பை முன்ன போவும், அவரு பின்ன போவாரு. முகமூடி கெடையாது, மேக்கப்பு கெடையாது, ஒரு மீசை, ஒரு தொப்பி, அவ்ளோதான். பசங்க ஓடி வந்து கால கட்டிக்குங்க. இவரு விசிலு ஊதி, வெறப்பா ஒரு சல்யூட் அடிச்சிட்டு, நிக்க முடியாம தள்ளாடுவாரு. பசங்க விழுந்து விழுந்து சிரிக்கும். பஸ்ல எடம் தராங்க. கல்யாணப் பத்திரிகை வெக்க வரவங்க, ஏட்டய்யா கண்டிப்பா வரணும், தொப்பியோட வந்தா நல்லாருக்கும்னு சொல்லிட்டுப் போறாங்க. பந்தில அவரே கேட்டு வாங்கி சாப்ட்டாரு. ஒருத்தன் வாயத் தொறக்கல. ஏன்னா அது இப்போ பார்க்கோட தொப்பை, ஊரோட தொப்பை.

இதுல போய் சக்கர வந்துது பாருங்க.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தண்ணி தண்ணின்னு குடிச்சாரு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி எழுந்து போனாரு, பேண்ட்டு நிக்கல, கயிறு போட்டுக் கட்டினாரு. நீங்கதான் டெஸ்ட்டு எடுத்து சொன்னீங்க. நம்ம ஊர்ல ஒரு மனுஷன் இளைச்சா ஜனம் இன்னா சொல்லணும்? நல்லாருக்கியேப்பான்னு சொல்லணும். இல்லன்னா உடம்புக்கு இன்னாப்பான்னு கேக்கணும். இவரு இளைச்சதுக்கு ஊரே வந்து கம்ப்ளெயின்ட் பண்ணிச்சி. வாட்சப்புல போட்டாங்க, ஜாங்கிரி ஏட்டு இளைச்சிட்டாரு, பார்க்கு நிர்வாகம் சரியா சாப்பாடு போடலையான்னு. ஒரு யூடியூப் பையன் வந்து கேட்டுல நின்னுகினு, பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, மக்களே நீங்களே சொல்லுங்க, இது நியாயமான்னு கேட்டான். போளூர்ல இருந்து வந்த ஒரு அம்மா டிக்கெட்டு காச திருப்பிக் குடுன்னு சண்ட போட்டாங்க. ஏன்னு கேட்டா, எம்பையன் அழுவறான், இது ஏட்டு இல்லியாம், ஏட்டோட தம்பியாம், அண்ணன் எங்கன்னு கேக்கறான்னு.

டீக்கடைல தெனம் இதே பட்டிமன்றம். ஒருத்தன் சொல்றான், துட்டு குடுத்துப் பாக்க வரோம், படத்துல இருக்கற மாதிரி இருக்கணுமா வேணாமான்னு. இன்னொருத்தன், ஓட்டல்ல போர்டுல வரைஞ்ச தோசையும் தட்டுல வர தோசையும் ஒண்ணா இருக்குதா, அதுக்கு எவனாச்சும் சண்ட போட்டீங்களாடான்னு கேக்கறான். எலெக்‌ஷன் போஸ்டர்ல இருக்கற மூஞ்சிக்கும் நேர்ல வர மூஞ்சிக்கும் இருவது வருஷம் வித்தியாசம், அத மொதல்ல கேளுடான்னு ஒருத்தன். நயினாருதான் ஞாயமா ஒரு வார்த்த சொன்னாரு. கூத்துல ராணியா வரது யாரு, மீசைய மழிச்ச ஆம்பளதான, விடிய விடிய பாத்துட்டு நாம அழுவலையா, அப்போ எவனாவது ராணியோட போட்டோவ கொண்டான்னு கேட்டோமான்னு. சந்தனா, அப்பா அது வேற, இது பிராண்டுன்னு சொல்லிடுச்சி. அவரு சாப்புட எழுந்துட்டாரு. ஜைனருங்களாச்சே, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டாவணும் அவருக்கு, எந்த வாக்குவாதமும் அஞ்சரைக்கு முடிஞ்சிடும்.

அந்தப் பொண்ண கொற சொல்ல மாட்டேன். அதுக்கு மேல கம்பெனி. கம்பெனிக்காரன் வீடியோ கால்ல வந்து, கன்னம் கொறஞ்சிடுச்சி, தொப்பை கொறஞ்சிடுச்சி, பழைய சைஸுக்கு வரலன்னா பர்மிஷன் கேன்சலுன்னு மெரட்டறான். அது வந்து இவருகிட்ட, அண்ணே, கொஞ்சம் சாப்ட்டு ஒடம்ப ஏத்துங்கண்ணேன்னு கெஞ்சுது. சக்கர வியாதின்னு இவரு அதுகிட்ட சொல்லவே இல்ல. சொன்னா வேல போயிடும்னு.

இப்போ சொல்றேன் கேட்டுக்கோங்க. உங்ககிட்டயும் அவரு சொல்லாதது ஒண்ணு இருக்குது. நீங்க குடுத்த மாத்திரைய அப்போ நிறுத்திட்டாரு, அதாலதான் இளைக்கறோம்னு நெனச்சி. ஒரு நாளு தறிக்கு மேல பரண்ல நூலு எடுக்க ஏறினேன். எறும்பு சாரி சாரியா போய்கினு இருக்குது. எங்க போவுதுன்னு பாத்தா, சுவிட்டுக்கடை டப்பா. உள்ள ஜாங்கிரி. அடுக்கி வெச்சிருக்காரு டாக்டரம்மா, அடுக்கி. நான் அந்த டப்பாவ எடுத்துகினு போய் அவரு முன்னாடி வெச்சேன். சாவப் போறியான்னு கேட்டேன். அது வரைக்கும் நான் அவர ஒருமைல பேசினதே இல்ல. அவரு டப்பாவ மூடினாரு. அப்பால சொன்னாரு, செல்வி, இந்த உடம்ப பாத்து எல்லாரும் சிரிச்சாங்க, இந்த உடம்புக்கே ஒரு நாளு கைதட்டினாங்க. மறுபடியும் வெறும் மாணிக்கமா ஆரணி பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கச் சொல்றியான்னு.

 டப்பாவ எடுத்துகினு போய் கோழிக்குக் கொட்டினேன். அவரு வேற டப்பா வாங்கினாரு.

அவரு விழுந்த அன்னிக்கு உங்ககிட்ட மயக்கம் போட்டுட்டாருன்னு மட்டுந்தான சொன்னோம்? எப்டி விழுந்தாருன்னு சொல்லல. நான் சாப்பாடு எடுத்துகினு போயிருந்தேன், கண்ணால பாத்தேன். நல்ல வெயிலு. சுத்தி அம்பது அறுவது பசங்க. விசிலு ஊதினாரு, சல்யூட் அடிச்சாரு, தள்ளாடினாரு, நாக்கு வெளிய வந்துது, தொப்புன்னு விழுந்தாரு. பொம்மைப் படத்துல எப்டி விழுவாரோ அச்சு அசலா அப்டியே. பசங்க கைதட்டிச்சிங்க டாக்டரம்மா. இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டின்னு கத்திச்சிங்க. பெத்தவங்க செல்லுல படம் புடிக்கறாங்க. நான் கூட்டத்த தள்ளிகினு ஓடறேன், ஒரு ஆளு என்ன புடிச்சி இழுத்து, ஏம்மா மறைக்காதன்னு சொல்றான்.

சந்தனாதான் மொதல்ல ஓடி வந்திச்சி. செருப்பு ஒரு பக்கம் கெடக்குது, லேப்டாப்பு ஒரு பக்கம் கெடக்குது, அவரு தலைய எடுத்து மடில வெச்சிகினு, அண்ணே அண்ணேன்னு ஓன்னு அழுவுது. இங்க கொண்டாந்தப்போ உங்க சக்கர மெஷின்ல நம்பரே வரல, வெறும் ஹைன்னு காட்டிச்சே, ஞாபகம் இருக்குதா? நீங்க ஊசி போட்டு, பாட்டில் ஏத்தி, அன்னிக்கு நீங்க மட்டும் இல்லன்னா நான் இப்போ இங்க உக்காந்து கதை பேசிகினு இருக்க மாட்டேன். அந்த நேரத்துல வாட்சப்புல இன்னா ஓடிகினு இருந்துது தெரியுமா? அந்த வீடியோதான். ஜாங்கிரி ஏட்டு சூப்பர் ஆக்டிங்குன்னு. சிரிப்பு பொம்மைங்க வரிசையா போட்டு.

அப்பறம் அவரு வேலைக்குப் போவல. அது நெசம், நம்புங்க. கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல இருந்து பஞ்சுல செஞ்ச பெரிய தலை ஒண்ணு அனுப்பினான், கூடவே ஒரு ஆளையும் அனுப்பினான். தலை மாட்டிகினா உள்ள யாரு இருந்தா இன்னா, மூஞ்சிதான் தெரியாதேன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். இல்லியாம், உள்ள இருக்கறவரும் அதே சைஸ்ல இருந்தாதான் ஒரிஜினலாம். வந்த ஆளு நல்ல சைஸு, ஒரு கொறையும் சொல்ல முடியாது, எங்க வூட்டுக்காரரு நல்லா இருந்த காலத்துலயே இந்த ஆளு பக்கத்துல நின்னா கொஞ்சம் இளைச்சவராத்தான் தெரிவாரு. ஆனா ஒரு பையன் கிட்ட போனா, அப்பால வா அப்பால வான்னு வெரட்டறாரு. தலைக்குள்ளயே செல்லு வெச்சி படம் பாக்கறாரு. பசங்க ஏட்ட வுட்டுட்டு ராட்டினத்துக்குப் போயிடுச்சிங்க. கொஞ்ச நாள்ல அவரும் கெளம்பிட்டாரு. எங்க போனாருன்றீங்க? எடை கொறைக்கற பவுடர் கம்பெனிக்காம். குடிக்கறதுக்கு முன்னன்னு ஒரு போட்டோ போடுவாங்களே, அந்த போட்டோவுக்கு நிக்கறதுக்கு. அங்க இத விட அதிகமா தராங்களாம்.

அவரு போனதுக்கு மறுநாளே ஸ்கூல் டூர். படவேட்டுப் பக்கத்துல இருந்து பஸ்ஸு பஸ்ஸா பசங்க வருது. ஏட்டு இல்ல. சந்தனா ஸ்கூட்டில பின் சீட்டுல அந்தத் தலைய கட்டிகினு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குது. கண்ணு கலங்கிப் போய் நிக்குது. அண்ணே, நீங்க வர வேணாம், சும்மா சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்னு அதுவே சொல்லுது. சொல்லிட்டு அங்கேயே நிக்குது. இவரு எழுந்துட்டாரு. நீங்க இன்சுலின் போடச் சொன்ன மனுஷன், சொவத்த புடிச்சிகினு எழுந்து, கொடில கெடந்த காக்கி பேண்ட்ட எடுத்து மாட்டறாரு. வேணாம்னு சொன்னேன். காதுலயே வாங்கல. கால உள்ள வுட்டாரு, பேண்ட்டு அவரு இடுப்புல நிக்காம கீழ வழியுது. எனக்கு எங்க இருந்து அவ்ளோ ஆத்திரம் வந்துதோ தெரியல, அந்தப் பேண்ட்ட அப்டியே புடுங்கிட்டேன்.

புடுங்கி இன்னா பண்ணேனா? மாட்டிகினேன்.

ஆமாங்க. நான்தான். ஞாயித்துக்கெழம நீங்க பாத்து வயிறு எரிஞ்சீங்களே, அது என்னப் பாத்துதான். உங்க பையன் கை குடுத்தது எனக்குத்தான்.

செத்த தண்ணி குடிங்க டாக்டரம்மா. சிரிச்சா சிரிங்க, நானும் அன்னிக்கு சிரிச்சேன், தலைக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியல. அன்னிக்கு ரெண்டு தலையாணிய வயித்துல சுத்தி, பழைய சேலையால இறுக்கிக் கட்டிகினு போனேன். தொப்பை ஒரு பக்கமா சாஞ்சிகினே இருந்திச்சி. அப்பறம் இலவம்பஞ்சு வாங்கி, உள்ள அறை அறையா புடிச்சி நானே தெச்சிட்டேன். சந்தனா மொதல்ல, அக்கா, பொம்பள எப்டிக்கான்னுதான் இழுத்திச்சி. வெளிய பஸ்ஸு ஆரன் அடிச்சிது பாருங்க, அப்பறம் அது ஒண்ணும் கேக்கல.

எப்டி தெரியாம போச்சின்றீங்க. நீங்க எத வெச்சி எங்க வூட்டுக்காரருன்னு நெனச்சீங்க? நடைய வெச்சிதான? குண்டா இருக்கறவங்க எப்டி எழுந்திரிப்பாங்க, எப்டி திரும்புவாங்க, படி ஏறறப்போ எங்க மூச்சு வாங்குவாங்க, ஒரு ஜோக்குக்கு தொப்பை எத்தினி வாட்டி குலுங்கும், இதெல்லாம் பன்னெண்டு வருஷமா ஒரே வூட்ல பாத்துகினு இருக்கறவளுக்குத் தெரியாதா? அந்தத் தொப்பைக்கு எண்ண தேய்ச்சி வுட்டவ நான். ஏட்டு மாதிரி நடக்க நான் கத்துக்கல, அவர மாதிரி நடந்தேன். பசங்க ஓடி வந்துடுச்சிங்க.

கம்பெனிக்காரன் வீடியோல பாத்துட்டு சந்தனாகிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? இவருதான் கரெக்டான உடம்புவாகு, இவர வுட்றாதீங்க, போன ஆளுகிட்ட இந்த வெயிட்டு இல்லன்னு.

ஆனா அவருதான் பேச்ச நிறுத்திட்டாரு. சாப்புடுவாரு, ஊசி போட்டுக்குவாரு, மூஞ்சிய பாக்க மாட்டாரு. இருந்த ஒண்ணையும் நான் புடுங்கிட்டேன்னு. எனக்கு ஒவ்வொரு நாளும் பேஜாரா இருக்கும், பார்க்குல சிரிக்க வெச்சிட்டு வூட்டுக்கு வந்தா சொவத்தோட இருக்கற மாதிரி. போன வாரம் ஒரு நாளு சல்யூட் அடிச்சிட்டு நிமிர்றேன், பசங்களுக்குப் பின்னால வேலி ஓரமா நிக்கறாரு. டிக்கெட்டு எடுத்துகினு வந்திருக்காரு. கேட்டுல இருக்கறவன் கூட அடையாளம் கண்டுபுடிக்கல. பக்கத்துல ஒரு ஆளு அவருகிட்டயே சொல்றான், ஏட்டு பழையபடி ஆயிட்டாருப்பா, நடுவுல என்னமோ ஒடம்பு சரியில்லாம இருந்தாருன்னு. இவரு தலைய ஆட்டிகினு நிக்கறாரு. எனக்கு உள்ள வேர்வையா கண்ணுத் தண்ணியான்னு தெரியல.

அன்னிக்கு சாயங்காலம் வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிகினு இருக்கேன், அவரு சொல்றாரு, எழுந்திரிக்கறப்போ எடது கைய முட்டில வெக்கணும், நீ வலது கைய வெக்கற. நான் எப்பவும் எடதுதான்னாரு. அவ்ளோதான். அப்பறம் தட்ட எடுத்து வெச்சி, வா சாப்புடலாம்னாரு. இப்போ தெனமும் வாத்தியார் மாதிரி ஒக்கார வெச்சி தப்பு சொல்றாரு. தொப்பை இருந்தப்போ தறில உக்காந்தா கை எட்டாது, இப்போ எட்டுது. நான் பார்க்குல நிக்கறப்போ அவரு பாதி முழம் கால் முழம்னு நெய்றாரு. கோணலாத்தான் நெய்றாரு. நான் தப்பு சொல்றேன்.

சரி, நான் வந்த விஷயத்துக்கு வரேன். கம்பெனிக்காரன் வேலைய நெரந்தரம் பண்றேன்றான். அதுக்கு ஒரு டாக்டரு, இவங்க வெயில்ல நிக்கலாம், ஆடலாம், உடம்பு நல்லாருக்குதுன்னு எழுதித் தரணுமாம். பேரு, வயசு, எடை எல்லாம் போட்டு. சந்தனா, அக்கா, அண்ணன் பேர போட்டு வாங்கிடுங்க, வம்பு இல்லன்னு சொன்னிச்சி. நான் மாட்டேன்னுட்டேன். இல்லாத உடம்ப இருக்குதுன்னு காட்டப் போய்தான் அந்த மனுஷன் மண்ணுல விழுந்தாரு. மறுபடியும் அதே பொய்யா? அவன் பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும், தறி எங்கியும் ஓடிப் போயிடல.

அதனால என் நாடிய புடிச்சிப் பாருங்க, பிரஷர் பாருங்க, இன்னா பாக்கணுமோ பாருங்க. எனக்கு சக்கர கெடையாது. எழுதறீங்களா? பேரு தமிழ்ச்செல்வி. பெண்ணுன்னு தெளிவா எழுதுங்க. வயசு முப்பத்தி நாலு. எடை மெஷின்ல செருப்போட ஏறலாமா? பாத்தீங்களா, நாப்பத்தி ஆறு. ஒரு கிலோ கூட ஏத்தாதீங்க, அப்டியே எழுதுங்க.

உங்க பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டரம்மா. கை குடுத்துட்டு, என் தலைய கீழ இழுத்து, காதுல ஒண்ணு சொன்னான். டிவில வரவரு உங்கள மாதிரியே இல்ல அங்கிள்னான்.